வலப்பக்கம்

மூன்று செடல் மாத்தியாச்சு என்கிறார் யோகலோஷினி.
மூன்றும் வலப்பக்கமே சரிகின்றனவாம்.
"குதிரைதான் கோணல் லா, ஏதாவது பண்ணுங்க."

பாலிக் பூலாவ் மலைச்சாலையின் வளைவுகளில்
என் வேனுக்குள் கம்பளிப்பஞ்சு மூட்டை அவிழ்ந்துவிட்டது.
மணி மூன்று. மழை இன்னும்
தெலுக் பஹாங் பக்கம்தான் நிற்கிறது.

குதிரையின் பெயர் இன்வாய்ஸ்.
பதினொரு பந்தயம் ஓடி
ஒரே ஒரு முறை நான்காவதாக வந்தது.
பெயர் வைத்தவனுக்கு யாரோ பாக்கி வைத்திருக்கவேண்டும்.

சிமெண்டுத் தரையில் நான்கு காலும் சமமாக ஊன்றினால்தான்
அளவு எடுக்கமுடியும்.
லாயத்துப் பையன் ஹக்கீமி கயிற்றைப் பிடிக்கிறான்.
நிற்கிறது.
நான் குனிந்ததும் ஒரு பின்னங்காலைத் தளர்த்தி
பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல்
இடுப்பைச் சாய்க்கிறது.
மறுபடி முதலிலிருந்து.

சாக்கட்டியால் குறிக்கிறேன்:
தோள்பட்டை முடியும் இடம், பின்னால் இரண்டு விரல்,
அப்புறம் கடைசி விலா.
அதைத் தாண்டிச் சேணத்துக்கு நிலம் கிடையாது.

வளைகோலை முதுகின்மேல் படிய அழுத்துகிறேன்.
தொட்ட வடிவை மறக்காத கோல்.
அலுங்காமல் காகிதத்தில் இறக்கி
ஓரமாகப் பென்சிலை ஓட்டினால் ஒரு குன்று.
இடச்சரிவு நிரம்பியிருக்கிறது.
வலத்தில், தோளுக்குப் பின்னே ஒரு பள்ளம்,
என் உள்ளங்கை அதில் குப்புறப் படுத்துக்கொள்ளும்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?"

பார்த்தேன்.
கம்பியில் தொங்கும் அங்கவடி வார்களையும் பார்த்தேன்.
ஒரே நாளில் வாங்கிய ஜோடி.
ஏறுவது இடப்பக்கம், நீளவேண்டியது இடது வார்.
இங்கே வலது ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது.

முன்பு பட்டர்வொர்த்தில் எக்ஸ்பிரஸ் பஸ்களுக்கு
இருக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.
ஓட்டுநர் இருக்கை எப்போதும் ஒரு பக்கம்தான் தேயும்.
அதற்காக எந்த முதலாளியும் பஸ்ஸைத் திட்டியதில்லை.

ஆனால் வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி
வாடிக்கையாளரிடம் பேசக்கூடாது,
அதுவும் பணம் வாங்கும் முன்னால்.
வேனிலிருந்து காலி மைலோ பெட்டியைக் கிழித்து
நெளிவட்டையைப் பெஞ்சில் போட்டு
உட்காருங்க என்றேன்.
"எனக்கு எதுக்கு?"
சும்மா, ஒரு நிமிஷம்.

எழுந்தபோது அட்டையில் இரண்டு குழி.
இடது, மழைத்துளி விழுந்த மணல்போல, இருந்தும் இல்லாமலும்.
வலது, இருபது காசு புதையும் ஆழம்.

அவர் அட்டையைக் கையில் எடுத்தார்.
வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.
ஹக்கீமி குளம்பு ஆணியைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தான்.

"பாலத்துல," என்றார். "மோட்டார். ஆறு வருஷம் ஆச்சு.
நேராயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே."

போய் அந்தப் பள்ளத்தில் கையை வைத்தார்.
இன்வாய்ஸ் வைக்கோலை மென்றுகொண்டே
ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது.

"இது நானா?"
பாதி இருக்கும் என்றேன்.
கணக்காளர். பாதி என்றால் விடுவாரா?
"சரியா எத்தனை விழுக்காடு?"
அதற்கு என்னிடம் கோல் இல்லை.

சேணத்தைக் கவிழ்த்து, வலது மெத்தையின் வாயைப் பிரித்து
இரும்புக்கோலால் கம்பளியை ஊட்டினேன்,
கொஞ்சம் கொஞ்சமாக. நிறையத் திணித்தால்
பள்ளம் அப்படியே தங்கிவிடும்,
சதை வளர இடம் விடவேண்டும்.

ஏறி ஒரு வட்டம் போனார்.
பின்னாலிருந்து, வாலுக்கு நேரே நின்று பார்க்கிறேன்:
முதுகெலும்பு, சேணத்தின் நடுத்தையல், அவர் சட்டையின் தையல்.
இன்னும் ஒரு விரல் வலப்பக்கம்.
அதைத் தொடவில்லை.

காகிதத்தில் தேதி, குதிரையின் பெயர்.
அட்டையில் தேதி, அவர் பெயர்.
இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி
'ஆறு வாரம்' என்று எழுதும்போது
முதல் துளி மைலோ பச்சையில் விழுந்தது.

"பில் யார் பேர்ல போட?" என்று கத்தினேன்.
தகரக் கூரைமேல் மழை.
அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை,
இன்னொரு வட்டம் போய்க்கொண்டிருந்தார்.